தோளுக்குத் தெரிந்த வேகம்

கலெர்வோ வேண்டுமென்றேதான் சாயங்காலத்தைத் தேர்ந்தெடுத்தார். காலையில் விறகு ஏற்ற வேண்டும், மத்தியானம் டிராக்டர் பார்க்க ஆள் வருகிறான் என்று ஏதேதோ சாக்குச் சொல்லிவிட்டு, சூரியன் பைன் காட்டுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் வேகமானிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுடுதளத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பெட்டிக்கு இரண்டு கண்கள். இரண்டும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மேலே குண்டு தாண்டும்போது விழுகிற நிழலை முதல் கண் பார்க்கும், பிறகு அடுத்த கண் பார்க்கும். இடைப்பட்ட நேரத்தைக் கணக்குப் போட்டு வேகத்தை எண்ணாகக் காட்டும். வானத்தில் வெளிச்சம் இல்லையென்றால் அது குருடு. பின்லாந்தின் வடக்கில் அக்டோபர் கடைசியில் பொழுது எப்போது சாயும் என்று, பிறந்ததிலிருந்து அங்கேயே கிடக்கிற மனிதருக்குத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். செத்துப்போன தம்பியின் மகள் சைலா, அப்பாவின் இடத்தில் இந்த வருஷம்தான் ஊர் வேட்டைக்குழுவில் சேர்ந்திருந்தாள். அப்பாவின் துப்பாக்கியையே வைத்திருந்தாள். அந்தப் பழைய துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைக்காது. கலெர்வோதான் வீட்டில் வெடிமருந்து போட்டுக் கட்டிக் கொடுப்பார். தம்பிக்குக் கட்டினார், இப்போது அவளுக்கும் கட்டினார். சீசன் தொடங்கிய வாரத்திலேயே ஒரு பெரிய ஆண் மூஸ் மான் அவள் முன்னால் வெட்டவெளியில் வந்து நின்றது. சுட்டாள். நெஞ்சில் பட வேண்டிய குண்டு முன்னங்காலை முறித்தது. காலை இழுத்துக்கொண்டே காட்டுக்குள் போன மானை மறுநாள்தான் நாய்கள் சதுப்பில் கண்டுபிடித்தன. அப்போதும் உயிர் இருந்தது. குடித்துவிட்டு ஆற்றில் வண்டியை விட்டவனைக்கூட அந்த ஊர் மன்னித்துவிடும். மானைக் குற்றுயிராக அலையவிட்டவளை மன்னிக்காது. சைலா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சுட்டபோது தோளில் விழுந்த உதை மெத்தென்று இருந்ததாம். குழுத்தலைவர் என்சியோ சிரித்தார். மான் எதிரே நிற்கும்போது யாருக்கம்மா தோளில் ஞாபகம் இருக்கும் என்று கேட்டார். இந்தச் சோதனைக்கு மறுநாள் நடக்கிற கூட்டத்தில் அவள் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவது என்று பேச்சு.

மான் கிடைத்த அன்றிரவே கலெர்வோ பட்டறையில் மருந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்திருந்தார். டப்பாவின் நிறம் பழையதுதான், உள்ளே சரக்கு வேறு. மெதுவாக எரிகிற மருந்து. அதைப் பழைய மருந்தின் அளவுக்கே போட்டுக் கட்டியிருக்கிறார். தளர்ந்து போகிற குண்டு தாழ்ந்துதான் விழும். அவள் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் கலெர்வோ கட்டிய தோட்டா பொய் சொல்லாது என்பது அந்த ஊரில் பழமொழி மாதிரி. அதைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது? மனைவி போய்விட்டாள், முட்டி போய்விட்டது, மிச்சம் அந்தப் பேச்சு ஒன்றுதான். அதற்காகத் தம்பி மகளைப் பலி கொடுத்துவிட்டார். கொடுத்தோம் என்று தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் போனால் ஊர் மறந்துவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

தோட்டாவில் வேகம் குறைவா என்று வேகமானியை வைத்துப் பார்க்கலாம் என்றது சைலாதான். மானைத் தேடிப் போனபோது துப்பாக்கி பாறையில் விழுந்து, குறிபார்க்கும் தொலைநோக்கி ஆடிப்போயிருந்தது. இனி இலக்குத் தாளில் சுட்டு எதையும் நிரூபிக்க முடியாது. மிஞ்சிய தோட்டாக்கள் அவள் சட்டைப்பையில் இருந்தன. சுடுவது கலெர்வோ, பார்ப்பது என்சியோ என்று முடிவாயிற்று. கலெர்வோ படுத்து முதல் தோட்டாவைச் சுட்டார். எண் வரவில்லை, பெட்டி வெறுமனே பிழை என்று காட்டியது. அவருக்கு மூச்சு வந்தது. இருட்டிவிட்டது, இந்தச் சனியன் இனிமேல் ஒன்றையும் சொல்லாது, மூட்டை கட்டுவோம் என்றார்.

சைலா சுடுதளத்தின் காவல் குடிசைக்குள் போனாள். நீளமான மின்கம்பியை இழுத்துக்கொண்டு, மேஜைக்கு மேலே தொங்கிய டியூப்லைட்டையே கழற்றி எடுத்து வந்து, பெட்டியின் கண்களுக்கு மேலே குடைபோல நின்ற, வெளிச்சம் கசியும் வெள்ளை மூடியின் மேல் கட்டினாள். இரண்டு கண்களுக்கும் பளீரென்று வெளிச்சம் வந்தது. "பார்த்துக்கோ பொண்ணு, அப்புறம் வெளிச்சம் பத்தலைன்னு சொல்லக்கூடாது" என்றார் என்சியோ.

கலெர்வோவுக்கு வாய்வரை வந்தது. டியூப்லைட் நம் கண்ணுக்குத்தான் நின்று எரியும். உண்மையில் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பையே குண்டின் நிழல் என்று நினைத்து இந்தப் பெட்டி வாய்க்கு வந்ததை உளறும். தன் பட்டறையிலேயே அப்படி ஒரு தடவை ஏமாந்திருக்கிறார். ஊமை கண்ட கனவாக அதை விழுங்கிக்கொண்டு மறுபடியும் படுத்தார்.

சுட்டார். தோளில் விழுந்த உதை மெத்தென்று இருந்தது. பூனை முட்டினாற்போல. பெட்டியில் எண்ணூற்று இருபத்திரண்டு என்று வந்தது. நல்ல தோட்டாவுக்கு வர வேண்டிய வேகம். எந்தச் சாத்தான் உட்கார்ந்து அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தானோ தெரியவில்லை. என்சியோ குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னொன்று சுட வேண்டியதில்லை என்றார்.

சைலா அந்த எண்ணை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பெரியப்பாவின் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பெரியப்பா, மெஷினை விடுங்க. உங்க தோள்ல எப்படி இருந்துச்சு?"

அவர் பதிலுக்காக என்சியோவும் திரும்பிப் பார்த்தார். கலெர்வோ முழங்காலில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே எழுந்தார்.

"எப்பவும் போலத்தான்ம்மா."

"அப்போ என் கைதான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துப்பாக்கியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். "அப்பாவோடது. இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்." அவர் வாங்கிக்கொண்டார். வாங்கக் கை தானாக நீண்டதே, அந்தக் கையை என்ன செய்வது?

என்சியோ கூட்டத்தில் பெரிதாக்க மாட்டேன், தானாக விலகினாள் என்று போட்டுவிடலாம் என்று ஆறுதல் மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதன் சிவப்பு விளக்கு மரங்களுக்குள் மறைந்தது. சைலா டியூப்லைட்டைக் கழற்றப் போனாள். கலெர்வோ தம்பியின் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

அவள் ஸ்விட்சில் கை வைத்துக் குனிந்திருந்தபோது பெட்டியில் இருந்த எண் மாறியது. யாரும் சுடவில்லை. துப்பாக்கி அவர் தோளில் இருந்தது. எண்ணூற்று நாற்பத்தொன்பது என்று காட்டியது. சைலா அசையாமல் அதையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் அழிந்து இன்னொரு எண் வந்தது. அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விளக்கை அணைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து, அடுத்த எண் வரக் காத்திருந்தாள்.