அப்பா சோறு

பிரபாகர் குடியிருந்தது ஃபேரர் பார்க்கில், ஓர் அடுக்குமாடி வீட்டின் நடு அறையில். வீட்டுக்காரர் மருதப்பன் அறையைக் காட்டும்போதே நிபந்தனைகளையும் சொல்லிவிட்டார். விருந்தாளிகள் வரக் கூடாது. சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், மேகி போட்டுக்கொள்ளலாம், முட்டை அவிக்கலாம். தாளிப்பது மட்டும் கூடாது.

"லைட் குக்கிங்தான் தம்பி. எண்ணெய்ப் புகை எனக்கு ஆகாது."

பிரபாகர் தலையாட்டினான். அப்போது அவனுக்குச் சமையலைப் பற்றி எந்த நினைப்பும் இல்லை. விவாகரத்து முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்த பொங்கோல் வீடு மனைவியாக இருந்த மோகனப்பிரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என்று முடிவாகியிருந்தது. அதில் அவனுக்கு மறுப்பு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு வரை பிள்ளைகள் அவனோடு இருப்பார்கள். அதுவும் முடிவாகியிருந்தது. நிதீஷுக்கு அப்போது ஆறு வயது, கவிப்ரியாவுக்கு இரண்டு.

எட்டு மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்பது சீக்கிரமே பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஒருமுறை மருதப்பனிடம் கேட்டுப் பார்த்தான்.

"பிள்ளைங்க விருந்தாளி இல்லையே சார்?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பிரபாகர் கேட்கவில்லை.

நூலகத்துக்குப் போனார்கள். பொங்கோல் நீர்வழி ஓரம் இருக்கும் விளையாட்டிடத்துக்குப் போனார்கள். மழை பெய்தால் எம்ஆர்டி ரயிலில் ஏறிக் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினார்கள். மத்தியானச் சாப்பாடு எப்போதும் தேக்கா உணவங்காடியில். பிரபாகர் மேசை தேடிப் பிடித்து, கவியை நிதீஷின் பொறுப்பில் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நிற்பான். நின்றபடியே நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

ஒரு ஞாயிறு பிரியாணியைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்த கவி கேட்டாள்.

"அப்பா, உங்க வீட்டுல கிச்சன் இல்லையா?"

"இருக்கும்மா."

"அப்போ ஏன் நீங்க குக் பண்ண மாட்டேங்கறீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த சீனக் கிழவர் மீன்பந்து நூடுல்ஸை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். பிரபாகர் அவரைப் பார்த்தான், பிறகு மகளைப் பார்த்தான்.

"அடுத்த தடவை சமைக்கிறேன்," என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

சமைக்கத் தெரியாதவன் இல்லை அவன். அவனுடைய குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை சமையல் ஆண்களுடையது. அப்பா பரமசிவம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். வாரம் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். அன்றைக்கு ஆட்டுக்கறியைச் சுக்காவாகச் சுண்ட வறுத்துத் தனியே எடுத்து வைத்துவிடுவார். அதன் பிறகுதான் முக்கியமான வேலை. மசாலா ஒட்டியிருக்கும் அந்தச் சட்டியிலேயே சூடான சோற்றைக் கொட்டிப் பிரட்டி, உருண்டை பிடித்து ஆளுக்கொன்றாகக் கையில் வைப்பார். தட்டு கிடையாது. எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். கறியைவிட அந்த உருண்டைக்குத்தான் சண்டை வரும். கல்யாணமான பிறகு பிரபாகரும் அதையே செய்தான். நிதீஷ் பல் முளைத்த நாளிலிருந்து அந்தச் சோற்றைத் தின்றவன். கவிக்கு அது நினைவிருக்காது.

திங்கட்கிழமை பேருந்துப் பணிமனையில் அப்துல் கஃபாரிடம் சொன்னான். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே ஷிப்டில் பேருந்து இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள்.

கஃபார் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "வர்ற சண்டே இல்ல, அதுக்கு அடுத்த சண்டே நாங்க எல்லாரும் பார்டர் தாண்டி ஜோகூருக்குப் போறோம். மச்சினி பொண்ணுக்குக் கல்யாணம். காலையில போனா நைட்டுதான் வருவோம். நம்ம வீட்டுல சமைச்சுக்க லா."

"வேணாம் பாய். வீட்டுல என்ன நினைப்பாங்க."

"அவதான் முதல்ல சொல்வா. இதுக்கு எதுக்குக் கேக்கறேன்னு எனக்குத்தான் திட்டு விழும். சாவியை சனிக்கிழமை வாங்கிக்க. எனக்கும் கொஞ்சம் வச்சிட்டுப் போ."

அந்த ஞாயிறு பிரபாகர் ஆறு மணிக்கே தேக்கா சந்தைக்குப் போய்விட்டான். கஃபார் வீட்டில் கறி வாங்கும் கடை எது என்று கேட்டு வைத்திருந்தான். அவர்களுடைய பாத்திரத்தில் ஹலால் இல்லாத கறி போடக் கூடாது என்ற எண்ணம். தொடைக்கறி ஒரு கிலோ, கொஞ்சம் நெஞ்செலும்பு. சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி, பூண்டு. எதிரே இருந்த கடையில் பிளாஸ்டிக் வளையல் ஒரு ஜோடியும் கவிக்காக வாங்கினான். பையில் பனிக்கட்டி வைத்துக் கறியைச் சுற்றிக்கொண்டு பொங்கோல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கீழ்த்தளத்துக் கல்மேசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு முன்னால் மேலே கூப்பிட அவனுக்குப் பிடிக்காது.

பொங்கோலிலிருந்து கஃபார் வீடு இருக்கும் உட்லண்ட்ஸ் போக இரண்டு முறை ரயில் மாற வேண்டியிருந்தது. கவி பையைத் தூக்கிப் பார்த்து, "ஐயே, ஸ்மெல்," என்றாள். நிதீஷ் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிதீஷ், இன்னைக்கு என்ன செய்யப்போறேன் தெரியுமா? சட்டிச் சோறு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

நிதீஷ் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல இருந்தது. பிறகு, "இருக்குப்பா," என்று மட்டும் சொன்னான்.

கஃபார் வீடு பதினொன்றாவது மாடியில். கதவைத் திறந்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்கள். வேறு யாருடைய சோபாவோ, வேறு யாருடைய குடும்பப் படமோ. "உள்ள வாங்க, நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க," என்றான் பிரபாகர். சொல்லி முடித்ததும் அவனுக்கே கூச்சமாக இருந்தது. சமையல் மேடையில் மசாலா டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கும் இருந்தது.

சமைக்க ஆரம்பித்ததும் அவன் கை தானாக வேலை செய்தது. கறி குக்கரில் ஐந்து விசில். இன்னோர் அடுப்பில் சோறு. கவி நாற்காலி போட்டு ஏறி நின்று கறிவேப்பிலை உருவினாள். உருவியதில் பாதி தரையில் கிடந்தது. சின்ன வெங்காயம் எண்ணெயில் விழுந்து சீறியபோது அவள் பயந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிளறினான். அந்த நிலையிலேயே நாள் முழுக்க நின்றிருப்பான்.

கறியைச் சுண்ட வைத்துக்கொண்டிருந்தபோது நிதீஷ் வந்து எட்டிப் பார்த்தான்.

"அப்பா, ஃபயர் ஸ்லோ பண்ணுங்க. அடி கருகிடும்."

பிரபாகர் சிரித்தான். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"அம்மா செய்யும்போது நான்தானே அடுப்பு பாத்துப்பேன்."

"அம்மா சுக்காவா செய்றாங்க?"

நிதீஷ் தங்கையைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

"அப்பா சோறு செய்வாங்க. நீங்க வராத சண்டேல."

"என்ன சோறு?"

"அப்பா சோறு," என்று அவள் மறுபடியும் சொன்னாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "கறி செஞ்ச சட்டியில ரைஸ் போட்டு, பந்து மாதிரி ரௌண்டா பிடிச்சு, கையில குடுப்பாங்க. நாங்க நின்னுக்கிட்டே சாப்பிடுவோம். பிளேட் கிடையாது."

பிரபாகர் அடுப்பைக் குறைத்தான். கறியைத் தட்டில் எடுத்து வைத்தான். சட்டியில் சோற்றைக் கொட்டிப் பிரட்டினான். அடுப்பை அணைத்து, இடித்து வைத்திருந்த மிளகையும் சோம்பையும் தூவி மூடினான். மூன்று வருடமாக அந்தச் சோறு தன்னோடு நின்றுபோய்விட்டது என்று நினைத்திருந்தான். எந்தக் குறையை நிரப்புவதற்காகக் காலை ஆறு மணியிலிருந்து அலைந்தானோ அந்தக் குறை பிள்ளைகளுக்கு இருந்ததே இல்லை. அவனுக்குத்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று அவன் மனதுக்குத் தெரிந்தது. ஆனாலும் சந்தோஷமாக இல்லை. மூடியைத் திறந்தான்.

உருண்டை பிடித்து முதலில் கவியின் கையில் வைத்தான். அவள் ஒரு கடி கடித்துவிட்டு, "காரம்," என்று திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குக் கொஞ்சம் வெறும் சோறும் தயிரும் போட்டுக் கொடுத்தான். கஃபார் வீட்டுத் தயிர். நிதீஷ் இரண்டு உருண்டை சாப்பிட்டான். மூன்றாவதையும் கேட்டு வாங்கினான்.

"நல்லாருக்காடா?"

"நல்லாருக்குப்பா. இதுல ஒரு வாசனை இருக்கு. அம்மா செய்றதுல அது வராது."

பிறகு பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்தார்கள். பிரபாகர் பாத்திரங்களைக் கழுவி, மேடையைத் துடைத்து, தரையில் கிடந்த கறிவேப்பிலையைப் பொறுக்கினான். கஃபாருக்கு ஒரு டப்பாவில் கறியும் சோறும் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தான். ஜன்னல்களைத் திறந்து, புகை போகும்வரை காத்திருந்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மோகனப்பிரியா பொங்கோல் வீட்டுக் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு கவி ஓடிப்போய், "அம்மா, அப்பா 'அப்பா சோறு' செஞ்சாங்க," என்றாள்.

மோகனப்பிரியாவின் முகம் சட்டென்று சிவந்தது.

"நிதீஷ்தான் கேட்டுக்கிட்டே இருந்தான்," என்றாள் அவள். முன்பெல்லாம் 'ஏங்க' என்று கூப்பிடுவாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நேராகப் பேச ஆரம்பித்துவிடுவாள். "நீங்க போன முதல் மாசம் சரியாவே சாப்பிடல அவன். அதான் செஞ்சு பாத்தேன். அப்புறம் அப்படியே பழகிடுச்சு."

"நல்லதுதானே."

"பேரு நான் வைக்கல. அவன் அப்படித்தான் கேப்பான்."

பிள்ளைகள் லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டு, வந்த லிஃப்டைக் கைநீட்டி மறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் மோகனப்பிரியா. "கடைசில என்ன போடுவீங்க? எவ்வளவு செஞ்சும் அந்த வாசனை வரமாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் அவன் சொல்றான்."

ஒன்றும் தனியாகப் போடுவதில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பியும் விடுவாள். அந்த வாசனை மட்டுமாவது தன்னிடம் இருக்கும், அதற்காகவாவது நிதீஷ் தன்னைக் கேட்பான் என்று ஒரு கணம் தோன்றியது. மகன் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிளகும் சோம்பும் எப்போ போடுவே?"

"வெங்காயம் வதங்கும்போதே."

"அப்போ போடாதே. வறுத்துக் கொரகொரன்னு இடிச்சுத் தனியா வச்சுக்கோ. கறியை எடுத்ததும் சட்டியில ஒரு கை வெந்நீர் தெளிச்சு, ஒட்டினதை எல்லாம் சுரண்டிவிடு. அப்புறம் சோறு. அடுப்பை அணைச்சதுக்கு அப்புறம்தான் மிளகு, சோம்பு. உடனே மூடி போட்டு ரெண்டு நிமிஷம் விட்டுடணும்."

"அடுப்பை அணைச்சதுக்கு அப்புறமா?"

"ஆமா. கவிக்கு மிளகு போடறதுக்கு முன்னாலயே தனியா எடுத்துடு. அவளுக்குக் காரம் ஆகல."

மோகனப்பிரியா தலையாட்டினாள். "தேங்க்ஸ்," என்றாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்து, "பாத்துப் போங்க," என்றாள். லிஃப்ட் மூடிக்கொண்டது. கையிலிருந்த பையை மடிக்கும்போதுதான் வளையலைக் கவியிடம் கொடுக்கவே இல்லை என்று தெரிந்தது. மேலே போய்க் கொடுக்கலாமா என்று யோசித்தான். மணி ஆறு தாண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவனுடைய முறை இல்லை. காலையில் துணி துவைத்துக் காயப் போட்டான். அறையைக் கூட்டினான். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாமல் படுக்கையில் சாய்ந்திருந்தபோது, ஒரு மணி வாக்கில் நிதீஷ் போன் செய்தான். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அப்பா, இன்னைக்கு கரெக்டா வந்துடுச்சு."

"அப்படியா? வாசனை வந்துச்சா?"

"சேம் சேம். நீங்க செஞ்ச மாதிரியே. நான் நாலு சாப்பிட்டேன்."

"கவி?"

"அவ மூணு. மிளகு போடறதுக்கு முன்னாடியே அம்மா அவளுக்கு எடுத்துட்டாங்க."

"நல்லது கண்ணா. அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "தண்ணி நிறைய குடிங்க ரெண்டு பேரும்."

"ஓகேப்பா. பை."

போனை வைத்தான். கூடத்தில் மருதப்பன் தொலைக்காட்சியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பிரபாகர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி சிராங்கூன் சாலைக்கு நடந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடைபாதையிலிருந்து சாலைக்கு வழிந்துகொண்டிருந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் வரிசை நின்றது. குடும்பம் குடும்பமாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த பெண், தங்கம் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், அவன் முறை வந்ததும் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை பேருண்ணே?"

"ஒருத்தர்தான்."

"ஒருத்தர்னா ஷேரிங் டேபிள்தான் இருக்கு, பரவாயில்லையா?"

"பரவாயில்லம்மா," என்று சொல்லிவிட்டு, அவள் கைகாட்டிய இடத்தில், முன்பின் தெரியாத நான்கு பேருக்கு நடுவே போய் உட்கார்ந்தான்.