கட்டைவிரலில் கட்டிய தூண்டில்

இந்தக் காலத்தில் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் அதைப் பேசியே தீர்த்துவிடுகிறார்கள். குளிக்கப் போகிறவன்கூடத் தண்ணீரைப் பற்றி வகுப்பு எடுத்துவிட்டுத்தான் இறங்குகிறான். போனைத் தடவிப் பார்த்து இன்றைக்கு மழை இல்லை என்கிறான், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே. துறையில் எல்லாரும் கொக்கு என்று கூப்பிடும் அந்தக் கிழவருக்கு இதெல்லாம் ஆகாது. தூண்டிலைப் போட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பார் என்பதால் வந்த பெயர். கழுத்தும் கொஞ்சம் நீளம்தான்.

அன்றைக்குக் காலையில் படகுத்துறையில் நின்று பேசிக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லை, அவருடைய மருமகள். அவள் முக்குளிப்பவள். கப்பலுக்கு வழி காட்டக் கடலில் மிதக்கும் சிவப்பு மிதவைகளுக்கு அடியில் இறங்கி, அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும் சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வளையம் வளையமாக அளந்து பார்ப்பது அவள் வேலை. அவள் கீழே இருக்கும்போது இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். வழக்கமாகப் பிடிக்கிற ஆள் மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். கட்டினவனோ, அதாவது கிழவரின் மகன், பட்டறையில் இரும்பை வளைக்கிற ஆள்தான். படகில் ஏற்றினால் அவனே வளைந்து கவிழ்ந்து குடலைக் கக்குவான். வேறு வழியில்லாமல் கொக்கு.

"மாமா, நான் கீழ இருக்கிற வரைக்கும் நீங்க தூண்டில் போடக் கூடாது. மீனை அறுத்துக் குடலை வீசக் கூடாது. இரை கழுவின தண்ணியக்கூட ஊத்திடாதீங்க."

"ஏன், சுறா பத்தியத்துல இருக்கா?"

"சிரிக்காதீங்க மாமா. மாட்டின மீன் துள்ளுற துள்ளல் அதுக்கு எவ்வளவோ தூரத்துல இருந்தே தெரிஞ்சுடும். சாப்பிட வான்னு கூப்பிட்ட மாதிரி. அது வந்து பார்க்கும்போது அங்க நானும் நிப்பேன்."

"உன்னைத் தின்னு அதுக்கு என்ன ஆகப்போகுது? பல்லுக்குச் செலவுதான்."

அவள் மோதிரத்தையும் காதில் கிடந்ததையும் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டாள். தண்ணீருக்குள் மினுக்கினால் மீன் செதில் என்று நினைத்துக்கொள்ளுமாம்.

"அம்பது வருஷமா தங்கப் பல்லோட கடலுக்குப் போறேன். ஒரு சுறாவும் அடகு வைக்கக் கேட்டதில்ல."

"நீங்க வாயைத் தொறந்தா அதுவே ஓடிடும் மாமா" என்றாள். பிறகு முகம் மாறியது. "நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு தடவை சுண்டினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீங்களும் பதிலுக்கு ஒரு தடவை சுண்டணும். நான் விடாம இழுத்தா மட்டும்தான் தூக்கணும். சுறாவே வந்தாலும் நீங்களா இழுத்துடாதீங்க. இழுத்தா கையும் காலும் அடிச்சுக்கும், நானே மாட்டின மீன் மாதிரி ஆயிடுவேன். சங்கிலிக்கு முதுகைக் குடுத்துட்டு, அது மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நான் மெதுவா ஏறி வந்துடுவேன்."

படகில் அவர் உட்காரும் பலகைக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பிடி போட்ட ஒரு கத்தியை உறையோடு செருகி வைத்தாள். எது சிக்கினாலும் அறுத்து விடுவதற்காம். வேறு நேரத்தில் தூண்டிலில் பெரியது ஏதாவது மாட்டினாலும் படகுக்குள் ஏற்றப் பார்க்காமல் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அறுத்துவிட வேண்டுமாம்.

"நான் இதுவரைக்கும் ஒரு நரம்பை அறுத்ததில்ல" என்றார் கிழவர்.

"தெரியும். பிஞ்ச செருப்பையே விட மாட்டாருன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

கடல் அன்றைக்குக் கடலாகவே இல்லை. எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரிப் படிந்து கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு கப்பல் ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தது. படகை மிதவைக்குப் பக்கத்தில் கட்டினார்கள். மருமகள் காற்றுக் குடுவையை முதுகில் ஏற்றி, முகக் கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஓரத்தில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே போய்விட்டாள். தண்ணீர் அவளை மூடிக்கொண்ட சத்தம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம்கூட இல்லை.

கிழவர் கயிற்றை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவ்வளவு தெளிவான தண்ணீரை அவர் பார்த்து வெகு நாளாயிற்று. படகின் நிழல் அடியில் மணல்மேல் விழுந்து கிடந்தது. பார்க்கப் பார்க்க, தான் தண்ணீரில் இல்லை, யாரோ ஒருவருடைய வீட்டுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. கீழே அந்த வீட்டு முற்றத்தில் மருமகள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏதோ வேலையாக இருக்கிறாள். அவள் விட்ட மூச்சு வெள்ளித் தட்டுகளாக ஏறி வந்து படகின் ஓரத்தில் உடைந்தது. அவள் பேசாமல் இருந்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தாள்.

கயிறு ஒரு தடவை சுண்டியது. அவரும் ஒரு தடவை சுண்டினார். இதற்கா இவ்வளவு பேச்சு?

மனிதன் கடலில் சும்மா உட்கார முடியுமா? வேட்டி மடிப்பில் நரம்புச் சுருள் இருந்தது. கூடவே காகிதத்தில் மடித்த கணவாய்த் துண்டு. அவள் சொன்னது சுறாவுக்கு, இது பாரை மீனுக்கு என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இரையைக் குத்தி, படகின் மறுபக்கமாக இறக்கினார். கை ஒன்று கயிற்றில் இருந்தது; இன்னொன்று வெற்றிலைக்கு வேண்டும். ஆகவே எப்போதும் செய்வதுபோல நரம்பைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார். அந்த விரலுக்குக் கண் உண்டு என்பது அவர் கணக்கு. வந்தது நண்டா, மீனா, பாசியா என்று அது பார்த்துச் சொல்லிவிடும்.

கையிலிருந்து ஒன்று, காலிலிருந்து ஒன்று, இரண்டும் ஒரே பச்சைக்குள் இறங்கிக் கிடந்தன. வெயில் முதுகைத் தடவியது. கண் சொருகியது. கப்பல் ஆகாயத்தில் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

விரல் விழித்துக்கொண்டது.

பாரைதான். சந்தேகமே இல்லை. பாரை பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு முரண்டு பிடிக்கும். நல்ல கனம். நரம்பு விரலின் சதையில் இறங்கியது. கிழவருக்கு அது சுகமாக இருந்தது. கொஞ்சம் ஆடட்டும், களைத்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று குனிந்து பார்த்தார். மீன் படகுக்கு அடியில் வட்டமடித்தது. புரளும்போதெல்லாம் அதன் வயிறு கண்ணாடிச் சில்லுபோல வெயிலைத் திருப்பி வீசியது. வட்டம் அடித்து அடித்துச் சங்கிலிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. மருமகள் நிமிர்ந்து அந்த மீனைப் பார்த்தாள். மீனிலிருந்து நரம்பு வழியாகப் படகை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு ஆழத்திலிருந்தும் அந்தப் பார்வை அவருக்கு வந்து சேர்ந்தது.

அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அடியில் கிடந்த மணலில் ஒரு துண்டு மெல்லக் கிளம்பி நகர்வதுபோல இருந்தது. அதற்கு ஒரு வால் இருந்தது. அந்த வாலுக்கும் எந்த அவசரமும் இல்லை. படகின் நிழலுக்குள் நுழைந்து வெளியே வந்தபோது, அது நிழலைவிட அகலமாகத்தான் இல்லை, ஆனால் நீளத்தில் ஏறக்குறைய சரியாக இருந்தது.

கிழவரின் வாயில் வெற்றிலை நின்றுவிட்டது.

மருமகள் சங்கிலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சுறா ஒரு வட்டம் போட்டது. அவளும் அதன் முகத்தைப் பார்த்தபடி, தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி, மெதுவாகத் திரும்பினாள். மீன் அவளுக்கும் அதற்கும் நடுவே துடித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. மேலே பெரிய வெயில், கீழே ஒரு வீட்டு முற்றத்தில் மூன்று பேர் சுற்றிச் சுற்றி ஏதோ விளையாடுகிறார்கள் என்பதுபோல இருந்தது. சுறாவின் அடுத்த வட்டம் சின்னதாக இருந்தது.

இடது கை தானாக இறுகியது. ஐம்பது வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். கீழே ஏதாவது ஆனால் இழு. மகனின் முகம் வந்தது. இவளை விட்டுவிட்டுத் துறையில் போய் அவன் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? இழு, இழு என்றது கை. கயிறு கொஞ்சம் ஏறிவிட்டது. கீழே அவள் சங்கிலியிலிருந்து ஓர் அடி விலகித் தடுமாறினாள். சுறாவின் தலை அவள் பக்கம் திரும்பியது.

விட்டார். கையிலிருந்து ஒரு சுற்றைத் தளர்த்தினார். அவள் மறுபடி சங்கிலியோடு ஒட்டிக்கொண்டாள்.

அப்போது கயிறு ஒரு தடவை சுண்டியது.

மீன் சுண்டுவது அவருக்குத் தெரியும். அதில் கெஞ்சல் இருக்கும், கோபம் இருக்கும். இதில் அது எதுவும் இல்லை. கூட்டத்தில் யாரோ தோளைத் தொட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். இருந்தாலும் பதிலுக்கு ஒரு தடவை சுண்டினார்.

பிறகு ஆரஞ்சுப் பிடியை உருவினார். நரம்பு விரலுக்குள் புதைந்திருந்தது. விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. நல்ல நரம்பு. நல்ல பாரை. கத்தியை வைத்தார். அறுபட்ட சத்தம்கூட வரவில்லை. காலில் இருந்த பாரம் மட்டும் கனவு கலைந்ததுபோல இல்லாமல் போயிற்று.

விடுபட்ட பாரை ஒரு கணம் திகைத்து நின்றது. அடுத்த கணம் நரம்பை இழுத்துக்கொண்டு வெள்ளிக் கோடாகப் பறந்தது. சுறாவின் வாலுக்கு முதன்முதலாக அவசரம் வந்தது. இரண்டும் பச்சைக்குள் போய்க் கரைந்தன. அந்தப் பக்கம் எங்கோ ஒரு புகைபோல மணல் கிளம்பி, நிதானமாகப் படிந்தது.

மருமகள் உடனே ஏறவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, சங்கிலியைத் தழுவியபடி, தன் மூச்சின் வெள்ளித் தட்டுகளை முந்தாமல் ஏறி வந்தாள். கிழவருக்கு அந்த நேரத்தில் தாடியே வளர்ந்திருக்கும். தலை வெளியே தெரிந்ததும் தோளைப் பிடித்து அப்படியே உள்ளே அள்ளிப் போட்டார். இரண்டு பேரும் படகுக்குள் பலகைமேல் கிடந்து மூச்சு வாங்கினார்கள்.

அவள்தான் முதலில் எழுந்தாள். அவருடைய கால் விரலைப் பார்த்தாள்.

"மாமா, கால்ல என்ன?"

"கொசு."

"நடுக்கடல்ல கொசுவா?"

"இப்ப எல்லா எடத்துலயும் வருது."

"அந்தக் கொசு கடிச்சிருந்தா உங்க மகன் வேற பொண்ணு தேடியிருக்கணும்." சிரிக்கத்தான் பார்த்தாள். பல் தந்தியடித்ததில் சிரிப்பு சரியாக வரவில்லை. துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார். மிதவையிலிருந்து கட்டை அவிழ்த்துப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

துறையில் சின்னப் படகுக்காரர்கள் சிலர் தூண்டிலோடு புறப்பட நின்றார்கள். பாதிச் சங்கிலியிலேயே திரும்பிவிட்டாளே, என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். சுறா ஒன்று வந்தது என்றாள். அவ்வளவுதான், மறுபடியும் வகுப்பு தொடங்கிவிட்டது. குனிந்து கையைத் தண்ணீரில் விட்டு அளையாதீர்கள், பெரிதாக மாட்டினால் எழுந்து நின்று மல்லுக்கட்டாதீர்கள், அறுத்து விடுங்கள், ஆள் கீழே இருக்கிற இடத்தில் தூண்டிலே வேண்டாம். யார் தூண்டில் போட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

"அறுத்து விட்டா போயிடுமா?" என்றான் ஒருவன்.

"மாமாவையே கேளுங்க. பார்த்துக்கிட்டுதானே இருந்தாரு."

எல்லாரும் கொக்கைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து மோதிரத்தையும் தோட்டையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"அதுக்கு உன் மேல ஆசையே இல்ல. பாரை ருசி அதுக்குத் தெரியும். நீ முறைச்சதுக்கும் நான் அறுத்ததுக்கும் அது போனதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அப்ப எதுக்கு மாமா அறுத்தீங்க?"

"விரல் வலிச்சுது."

திரும்பி நடந்தார். கட்டைவிரல் தரையில் படாமல் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததில் நிஜமாகவே கொக்கு மாதிரித்தான் இருந்தார். பின்னால் அவள் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "மெதுவா, முதுகைக் காட்டாம..." பேச்சாம் பேச்சு. மீனுக்கு யார் போய்ச் சொல்லிக்கொடுத்தது? நாளைக்கு மிச்சச் சங்கிலிக்கு வரச் சொல்வாள். வேறு ஆள் கிடைக்காவிட்டால் வந்துதான் தொலைக்க வேண்டும். வந்தாலும் இதையெல்லாம் நம்பப் போவதில்லை என்று முணுமுணுத்தபடி, இடது கையை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு, வலைகள் காயும் சந்துக்குள் நொண்டிக்கொண்டே போனார்.