பால்மாவு டப்பாவின் கனம்

ஆகாயத்தில் பறந்ததால் எனக்குப் பயம் வந்துவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் மலைக்கிராமம் நெல்லிவாசல்நாட்டில் இன்றைக்கும் இந்தச் செந்தாமரை ஏரோப்ளேனில் நடுங்கிய கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜீப்பின் பின்கம்பியில் தொங்கிக்கொண்டு மலை இறங்கியவளுக்கு ஏரோப்ளேன் ஒரு பெரிய விஷயமா? என்னைப் பயமுறுத்தியது ஒரு பால்மாவு டப்பா.

அது எண்பத்தாறாம் வருஷம். போளூரில் புளி மண்டி வைத்திருந்த கோபால்சாமி வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவர் மனைவி சாந்தம்மாள். குழந்தைக்கு எட்டு மாதம், வடிவு என்று பெயர். என் புருஷன் மாதையன் அப்போது வேலூர் ஜெயிலில் இருந்தான். யாரோ ஒரு காண்ட்ராக்டருக்காகச் சந்தனக்கட்டை சுமந்துகொண்டு போய் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டான். காண்ட்ராக்டர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்விட்டான். கட்டை யார் தலையில் இருந்ததோ அவனுக்குத்தான் இரண்டு வருஷம். எங்கள் மகள் செல்லம்மாவுக்கு ஆறு வயது. அவளை மலையில் என் அக்கா குப்பம்மாவிடம் விட்டிருந்தேன். அக்காவுக்கே ஐந்து பிள்ளைகள். நானும் இல்லாமல் போனால் என் மகள் யார் வீட்டு வாசலில் நிற்பாள் என்று நினைக்காத நாள் கிடையாது.

இந்த நிலைமையில்தான் முதலாளி குடும்பத்தோடு சிங்கப்பூருக்குப் பத்து நாள் சுற்றுலா கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். எங்கள் ஊரில் ரேஷன் கார்டு வாங்குவதற்கே கால் தேய நடக்க வேண்டும். எனக்கோ பாஸ்போர்ட் வீடு தேடி வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமைதான் வந்தது.

சிங்கப்பூர் ஒரு தீவு என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எந்தப் பக்கம் போனாலும் கடலில் போய் முடிந்தது. சாந்தம்மாள் கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்திருப்பார், நான் குழந்தையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன். முதலாளி காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். திரும்புகிற அன்றைக்கு எனக்கும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் என்றார்கள். "கொழந்தைக்கு வசதியா இருக்கும்" என்றார் முதலாளி. புதுச் சேலையும் கொடுத்தார்கள். கட்டில் மாதிரி அகலமான சீட். சுடச்சுடத் துண்டு கொடுத்து முகம் துடைக்கச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உட்கார்ந்திருக்க, இன்னொருத்தி குனிந்து நின்று என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் கூச்சத்தில் நெளிந்தேன்.

முதலாளியும் சாந்தம்மாவும் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும், குழந்தை பாலுக்குச் சிணுங்கியது. காலடியில் இருந்த பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

மலையில் நாங்கள் புளியை மண்டிக்காரன் தராசில் போடுவதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்ப்போம். தராசு பொய் சொல்லும், கை சொல்லாது. அந்தக் கையில்தான் டப்பா இருந்தது. முந்தின நாள் ராத்திரி நானே பால் கலக்கினேன், கால் டப்பா மாவுகூட மீதியில்லை. காலையில் முதலாளி தானே எல்லாவற்றையும் எடுத்து வைத்து, பையைக் கட்டி, என் தோளில் மாட்டினார். இப்போது அது இரண்டு படி சாமை கனம் கனத்தது.

மூடியைத் திறந்தேன். மேலே மாவு இருந்தது. கரண்டியை விட்டேன். இரண்டு விரல் ஆழத்தில் 'டக்' என்று இடித்தது. விரலால் தள்ளிப் பார்த்தேன். கறுப்புக் காகிதத்தில் சுற்றிய கட்டிகள், அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் காகிதம் கிழிந்து மஞ்சளாகத் தெரிந்தது.

புதுச் சேலை, அகல சீட், சுடுதுண்டு எல்லாம் எதற்கென்று அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கட்டை மாதையன் தலையில் இருந்தது, தங்கம் என் தோளில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். காட்டில் ரேஞ்சர் விசில் கேட்டால் சுமையைப் போட்டுவிட்டு ஓடலாம், மாதையனுக்கு அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. ஏரோப்ளேனில் எங்கே போட்டுவிட்டு எங்கே ஓடுவது?

நடுங்குகிற கையாலேயே மேல்மாவை வழித்துக் குழந்தைக்குப் பால் கலக்கினேன். பாதி என் மடியில் சிந்தியது. பிறகு முன்சீட்டுக்குக் குனிந்து, "அம்மா, டப்பா ரொம்ப கனமா கீதுங்களே" என்றேன்.

சாந்தம்மாள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. "புது டப்பாடி. வாய மூடினு உக்காரு" என்றார். அவருக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் முதலாளி எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். வீட்டில் என் பேரைக்கூடச் சொல்லிக் கூப்பிடாதவர். "செந்தாமர, பயப்படாத. உன் புருசன் கேஸ நான் பாத்துக்கறேன், நல்ல வக்கீலா வெக்கறேன். இறங்கனதும் எவனாவது கேட்டா, கொழந்த பால்மாவுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு, இன்னா?"

"மாட்டினா இன்னா ஆவுங்க?"

"மாட்ட மாட்ட. உன் பொண்ணு மலைல உங்க அக்கா வூட்லதான கீது? நம்ம பசங்க புளி ஏத்த வாரா வாரம் அங்க போறாங்க. நல்லா பாத்துக்கச் சொல்றேன்" என்று சிரித்தார்.

என் மகள் இருக்கும் இடத்தை அவர் சொன்ன விதத்திலேயே அது மிரட்டல் என்று புரிந்தது. டப்பாவைத் தூக்கி எறிந்தால் அவர் என்னை விடமாட்டார். தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் விடாது. அந்த வேளை பார்த்து ஏரோப்ளேன் தூக்கிப் போட்டது. எல்லோரும் சாமி பேரைச் சொன்னார்கள். விழுந்து தொலையட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். குழந்தை என் சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன்.

மெட்ராஸில் இறங்கினோம். மத்தியானம் மூன்று மணி. பிசினஸ் கிளாஸ்காரர்கள்தான் முதலில் இறங்கினார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியானதும் முதலாளியும் சாந்தம்மாவும் விறுவிறுவென்று நடந்தார்கள். நான் எட்டிப் போட்டால் அவர்களும் எட்டிப் போட்டார்கள். நடுவில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். முதலாளி வேண்டுமென்றேதான் இடைவெளி விடுகிறார் என்று தெரிந்தது. கட்டை கடத்துகிறவர்கள் காட்டில் இப்படித்தான் நடப்பார்கள்.

கஸ்டம்ஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்பில் ஒருவர் நின்றிருந்தார். காக்கியோ வெள்ளையோ, உடுப்பைப் பார்த்தால் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். முதலாளியையும் சாந்தம்மாவையும் அவர் பார்க்கக்கூட இல்லை, போகச் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்து விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

"பையில என்னம்மா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் குழந்தைக்குப் பசி வந்து வீறிட்டு அழுதது. பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தேன். துணி, கிலுகிலுப்பை, பாட்டில். டப்பா மட்டும் கையிலேயே இருந்தது. கீழே வைத்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று பயம். வைக்காவிட்டால் அதைவிடப் பயம்.

"குழந்தை உன்னுதா?" என்றார்.

அந்தக் கேள்வி மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இல்லீங்க. தோ போறாங்களே, அவங்களுது" என்று கை காட்டினேன். எனக்கே கேட்காத குரலில் ஆரம்பித்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அம்மா! பாப்பாக்குப் பசிங்க! வந்து பாலு கலக்கிக் குடுங்க!"

அதிகாரி, "மேடம், இங்க வாங்க" என்று கூப்பிட்டார். சாந்தம்மாள் நின்றார். குழந்தை இன்னும் பெரிதாக அலறியது. அவர் புருஷனைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு திரும்பி வந்தார். ஒரு கையை அவர் நீட்ட, குழந்தைக்குப் பதிலாக டப்பாவை அதில் வைத்துவிட்டேன். எதிர்பார்க்காத கனத்தில் கை தொய்ந்தது. நழுவ விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்த அதிகாரியின் முகம் மாறிவிட்டது.

"திறங்க மேடம்."

"பால்மாவுங்க. கொழந்த பால்மாவு" என்றார் சாந்தம்மாள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். உதடு வெளுத்திருந்தது. மூடியைத் திறக்க அவரால் முடியவில்லை, அதிகாரியே திறந்தார்.

சாந்தம்மாள் வாசல் பக்கம் திரும்பினார். நானும் திரும்பினேன். முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு டாக்சி நிற்கிற பக்கம் நடந்து போய்விட்டார்.

சாந்தம்மாவை ஒரு அறைக்குள் அழைத்துப் போனார்கள். என்னை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மாதையனிலிருந்து கை எடை வரைக்கும் எல்லாம் சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முதலாளி வெளியே இருக்கிறாரே, என் மகள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியுமே என்று அந்த அதிகாரியின் காலைப் பிடித்தேன். போளூர் ஸ்டேஷனுக்கு அங்கிருந்தே போன் போட்டார். மலைக்கு ஆள் கிளம்பியாகிவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

"நீ போகலாம்மா. குழந்தையோட அப்பாவைத் தேடுறாங்க, வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருக்கு, யாராவது வந்ததும் ஒப்படைச்சிட்டுப் போ" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரோ பால் வாங்கிவந்து கொடுத்தார்கள், புகட்டினேன். நாலரை ஆனது, ஐந்தரை ஆனது. வாசலில் நிழல் தட்டினாலே எழுந்து நின்றேன். ஆறு மணி வரைக்கும் அந்தக் குழந்தையைக் கேட்டு ஒரு ஆள் வரவில்லை.

அப்போது அறைக் கதவைத் திறந்து சாந்தம்மாவை வெளியே கூட்டி வந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். என்னைத் திட்டப் போகிறார், அடிக்கப் போகிறார் என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவர் கண்ணில் கோபமே இல்லை. ஏரோப்ளேனில் எனக்கு எப்படி இருந்ததோ, அப்படி நடுங்கிக்கொண்டு நின்றார்.

"செந்தாமர, அவுரு வந்துட்டாராடி?" என்றார்.

"வந்துனே கீறாருங்கம்மா" என்று பொய் சொன்னேன்.