எனக்கு முன்னால் போகிறவள்

வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா உனக்கு, என்று ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் கேட்டார், நாற்பது பேர் சிரித்தார்கள், கையிலிருந்த புத்தகத்தில் எழுத்துகள் எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தன, அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை, வெளியாட்கள் முன்னால் என் குரலும் வெளியே வரவில்லை, மூன்று வருஷம்... இது ஏன் இப்போது, இந்த மேட்டில், மூச்சு வாங்கும்போது ஞாபகம் வருகிறது? அப்பா முன்னால் மிதிக்கிறார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ஐந்தாவது நாள். இன்னும் நாலு நாள் மிதித்தால் குன்றின் மேல் ஆலயம் வந்துவிடும் என்கிறார். போன வருஷம் அக்கா இதே சாலையில் இதே ஆலயத்துக்கு வேண்டுதல் சைக்கிளில் தனியாகக் கிளம்பினாள், எனக்காகத்தான், தங்கச்சிக்குப் பேச்சு வரணும் என்று. ஐந்தாவது நாள் அவள் போன் அணைந்தது. ஆலயத்துக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. உன் சைக்கிள் உன்னை மாதிரி இல்லம்மா, நல்லா கத்துது, என்று அப்பா திரும்பாமலே சொல்கிறார், செயினைத்தான் சொல்கிறார், நான் சிரிக்கிறேன், சத்தமில்லாமல், அவருக்கு அது தெரியும்.

காலையில் தங்கும் விடுதியில் நடந்ததை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ... வேண்டுதல் சைக்கிளில் போகிறவர்களுக்குப் போய்ச் சேரும்வரை பேர் கிடையாது, அதுதான் முறை, யாரும் கேட்க மாட்டார்கள், விடுதி நோட்டில்கூடப் பேர் எழுதக் கூடாது, யாருக்காகப் போகிறோம் என்பதை மட்டும் எழுத வேண்டும். அதனால்தான் அக்காவைத் தேடவே முடியவில்லை. அவள் காணாமல் போன நாளில் இந்த விடுதி நோட்டில் தங்கச்சிக்காக என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள், போலீஸ்காரர் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, உலகத்துல எல்லாருக்கும் தங்கச்சி இருக்கும் போல, என்று நோட்டை மூடினாராம். இன்று காலை விடுதிக்காரர் அலமாரியிலிருந்து இந்த வருஷத்து நோட்டை எடுத்து வைத்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். நீ விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டியேம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா? அப்பாதான் எனக்கும் சேர்த்துப் பதில் சொன்னார், இவளா, இவளை எழுப்புறதுக்குள்ள எனக்குப் பாதி ஆயுசு போச்சுங்க, இப்பத்தான் கண்ணே திறந்தா. விடுதிக்காரர் சிரிக்கவில்லை. நோட்டில் இன்றைய தேதிக்குக் கீழே முதல் வரி, தங்கச்சிக்காக. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் குட்டி வட்டம். அப்படி எழுதுகிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர், அக்கா, அப்புறம் அவளைப் பார்த்து எழுதப் பழகிய நான். அப்பா பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? அந்த வரிமேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, அடுத்த வரியில் அக்காவுக்காக என்று எழுதினேன். அப்பா கண்ணாடி போட்டு, மகளுக்காக என்று எழுதிவிட்டு, பேனாவைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எந்த மகள் என்று எழுத அந்த நோட்டில் இடமில்லை. கையை எடுத்தபோது வட்டங்களின் மை என் உள்ளங்கையில் லேசாக ஒட்டியிருந்தது. விடியற்காலையில் எழுதிய மை அதற்குள் காய்ந்திருக்க வேண்டாமா? இல்லை, நான்தான் தூக்கத்தில் எழுந்து வந்து... சே, என்ன நினைப்பு இது.

மேடு முடிந்தால் பள்ளம், பள்ளம் முடிந்தால் நேர் சாலை, இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை, தூரத்தில் காற்றாலைகள், அதில் ஒன்று மட்டும் சுற்றுகிறது, காற்று எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே? பஞ்சர் கடையில் அப்பா தண்ணீர் கேட்க நிறுத்தினார். கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார், அடிச்சு அரை மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள இறங்கிருச்சா, என்று எழுந்து வந்து என் டயரை அழுத்தினார், கல் மாதிரி இருந்தது, நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் திரும்பி வந்தே? நாங்க அந்தப் பக்கத்துலேர்ந்து வரலைண்ணே, இப்பத்தான் இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றோம், என்றார் அப்பா, பிறகு குரலை இறக்கி, எந்தப் பொண்ணு, எப்படி இருந்துச்சு, என்று கேட்டார். அவர் கை ஹேண்டில்பாரை இறுக்கியதை நான் பார்த்தேன். இதே மூஞ்சிதான், என்றார் கடைக்காரர், ஒரு வார்த்தை பேசல, டயரைக் கையால காட்டுச்சு, காத்து அடிச்சதும் தலையை ஆட்டிட்டுப் போயிருச்சு, ஊமை போலன்னு நினைச்சேன். அப்பாவின் கை தளர்ந்தது. பேசலையா... அப்ப எங்க பெரியவ இல்ல, என்றார், அவ வாயைத் திறந்தா நீங்க கடையைச் சாத்திட்டு ஓடியிருப்பீங்க. சிரித்தார். அழுகிற மாதிரி சிரித்தார். தண்ணீர் குடிக்க மறந்து சைக்கிளில் ஏறினார்.

அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா எங்கள் அறையில் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள், நீ வெளியில ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சத்தமா கூப்பிடுற வரைக்கும் நானும் பேச மாட்டேன், வீட்டுக்கும் வர மாட்டேன், பாத்துடலாம் யாரு ஜெயிக்கறதுன்னு. விளையாட்டாகத்தான் சொன்னாள், அப்படித்தான் நினைத்தேன், அவளால் அரை மணி நேரம் பேசாமல் இருக்க முடியுமா என்று மனதுக்குள் சிரித்தேன்கூட. போலீஸ்காரர் வந்து, கடைசியா ஏதாவது சொன்னாளாம்மா என்று கேட்டபோது தரையைப் பார்த்தேன். அப்பா கேட்டபோதும். பேச வராவிட்டால் எழுதிக் காட்டியிருக்கலாம், பேனா இருந்தது, காகிதம் இருந்தது... ஏன் எழுதவில்லை? எழுதினால் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். தெருவில் நின்று கூப்பிடு, மைக்கில் கூப்பிடு என்று. அதனாலா? அது மட்டுமா? ஒரு வருஷமாக அவள் இந்தச் சாலையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறாளா, எங்கே தூங்குகிறாள், யார் சாப்பாடு கொடுக்கிறார்கள், பேரும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ஒரு வருஷம் இருந்தால் ஒருத்தி இன்னும் அவளாகவே இருப்பாளா... உச்சி வெயில். என் நிழல் சைக்கிளுக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டது. என் செயின் கிறீச்சிடுகிறது, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி முன்னால் எங்கோ இன்னொரு கிறீச். அப்பாவின் சைக்கிளுக்கு நேற்றுத்தான் எண்ணெய் போட்டோம். நான் மிதிப்பதை நிறுத்தினேன், அதுவும் நின்றது. மிதித்தேன். அதுவும்.

டீக்கடையில் அப்பா பெஞ்சில் சாய்ந்ததும் தூங்கிப்போனார், வாய் லேசாகத் திறந்திருந்தது, இந்த ஐந்து நாளில் கழுத்து எவ்வளவு இளைத்துவிட்டது. கடைக்கார அம்மா என் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு, இன்னொன்னா, என்றாள், இப்பத்தானே ஒண்ணு குடிச்சே, அவ்வளவு சூட்டையும் ஒரே மடக்குல. பக்கத்தில் ஒரு காலி டம்ளர். தொட்டேன். சூடாக இருந்தது. அந்த அம்மா எதிர்ப்பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தாள், உள்ளே போய்விட்டாள். நானும் பார்த்தேன். சாலைக்கு எதிரே குழாயடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருத்தி பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறாள். கூந்தலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பேனாவால் செருகியிருக்கிறாள். அக்கா அப்படித்தான் செருகுவாள். நானும் இப்போது அப்படித்தான் செருகியிருக்கிறேன். எழுந்தேன். இருபது அடிகூட இருக்காது. பாட்டில் நிரம்பி வழிகிறது, அவள் குழாயை மூடவில்லை, தண்ணீர் அவள் செருப்பை நனைத்து மண்ணில் ஓடுகிறது, அவள் திரும்பவில்லை, தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து... காது கொடுக்கிறாள். காத்திருக்கிறாள். கூப்பிடு. ஒரு தடவை. வாயைத் திறந்தேன்.

குரல் வரவில்லை என்று நாளைக்கு நான் சொல்லிக்கொள்ளலாம், யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அது வந்திருந்தது. தொண்டைவரை வந்து, நாக்கின் அடியில், கனமாக, வெதுவெதுப்பாக, முழுசாக இருந்தது, தள்ளினால் போதும்... தள்ளவில்லை. அவள் திரும்பி, அது வேறு முகமாக இருந்தால் என்ற பயமா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். இல்லை. அந்த முகம் அக்காவின் முகமாகவே இருந்துவிட்டால் இந்த மூன்று வருஷத்து அமைதி, யாரும் என்னை எதுவும் கேட்காத இந்த அமைதி, அது என் கையைவிட்டுப் போய்விடும், அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை, ஒருவேளை எப்போதுமே இருந்ததில்லையோ... அப்பா தூக்கத்தில் ஏதோ முனகினார். எதிரே அவள் குழாயை மூடினாள், பாட்டிலைச் சைக்கிள் கூடையில் வைத்தாள், சீட்டைக் கையால் துடைத்தாள், என் பக்கம் திரும்பாமலே ஏறி உட்கார்ந்து, குன்று இருக்கும் திசைக்கு எதிர்த் திசையில், ஒரு வார்த்தை பேசாமல் மிதித்துப் போனாள்.