தாளிக்காத ரசம்

என் தங்கை பொன்னுத்தாயி வைத்த ரசத்தில் தாளிப்பு இல்லை. கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, எண்ணெய் வாசமே இல்லை. மதராஸில் ஒரு கூட்டத்தை முடித்து, இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தபடியே வந்து, காரைக்குடியில் இறங்கி, சாக்கோட்டை தாண்டி எங்கள் வேலங்குளம் வரை ஜீப்பில் குலுங்கிய உடம்புக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு பாய்தான். ஆனாலும் நாக்கு விழித்துக்கொண்டது.

அது 1969, பங்குனி மாதம். பெரியம்மையை ஒழிக்கும் வேலைக்கு நாடு முழுவதற்கும் நான் பொறுப்பு. டாக்டர் நாகநாதன் என்றால் டெல்லியில் எழுந்து நிற்பார்கள். பீகாரில் கதவைச் சாத்துவார்கள். ஏழு வருஷ அலைச்சலில் பெருமையாகக் காட்ட என்னிடம் இருந்தது ஒரே ஓர் எண். எங்கள் வட்டாரத்துக்கு நேரே எழுதியிருந்த பூஜ்யம். மூன்று மாதமாக ஒருவருக்கும் அம்மை இல்லை. அடுத்த புதன்கிழமை மந்திரி முன்னால் அந்தப் பட்டியலை நான் வாசிக்க வேண்டும். அதற்குள் ஊரில் இரண்டு வேளை நன்றாகத் தூங்கலாம் என்றுதான் வந்தேன்.

"ஏன் தாயி தாளிக்கல?"

"வயிறு சரியில்லண்ணே. அதான்."

"யாருக்கு?"

அவள் ரசச் சட்டியை மூடினாள். அம்மை கண்ட வீட்டில் எங்கள் பக்கம் தாளிக்க மாட்டார்கள். ஆத்தாவுக்கு எண்ணெய் வாசம் ஆகாது. என்னிடம் பொய் சொல்லத் துணிந்தவளுக்கு ஆத்தாவிடம் அந்தத் துணிச்சல் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டில் நெல் போடும் அறையில், வேப்பிலைப் படுக்கையில் அவளுடைய கடைசிப் பெண் வீரலட்சுமி கிடந்தாள். எட்டு வயது. முகத்திலும் உள்ளங்கையிலும் முத்து நெருக்கமாகப் போட்டிருந்தது. பெரியம்மைதான், சந்தேகமே இல்லை. இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். தழும்பு இல்லை. வலது கையிலும் இல்லை.

தடுப்பூசித் தழும்பு இருக்கிறதா என்று முன்பின் தெரியாத எத்தனையோ ஆயிரம் கைகளைத் திருப்பிப் பார்த்தவன் நான். போன தீபாவளிக்கு இந்தக் கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது. அப்போது பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

ஊருக்கு அம்மை குத்தும் மாயக்கண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்தப் பிள்ளைக்கு ஏன் குத்தல?"

"ஐயா வீடாச்சே. நீகளே குத்தி விட்டிருப்பீகன்னு நெனச்சேன். டாக்டர் வீட்டு வாசல்ல போயி, பிள்ளைக்கு அம்மை குத்தியாச்சான்னு நான் எப்பிடிங்கய்யா கேக்குறது?"

"ஊருல மொத்தம் எத்தன வீட்டுல இருக்கு?"

"பதினொண்ணுங்கய்யா."

"ஒரு வாசல்லயும் வேப்பிலையைக் காணோமே?"

"கொல்லைப்பக்கம் கட்டச் சொல்லிட்டாக. நம்ம ஆளு டெல்லியில அம்மைய ஒழிக்கிறாரு, அவரு ஊருலயே வேப்பிலை தொங்குனா அவருக்கு மூஞ்சி எங்க இருக்கும்னு ஊர்த்தலைவரு கேட்டாரு. எல்லாரும் சரின்னுட்டாக. நானும் பூஜ்யம்னே எழுதிட்டேன்."

காலையில் எனக்கு மாலை போட்டவர் அந்த ஊர்த்தலைவர் கருத்தையாதான். நானும் கழுத்தை நன்றாக நீட்டியிருந்தேன். யாரைத் திட்டுவது? மற்ற ஊர்களில் பயந்து மறைப்பார்கள். பயத்துக்கு நான் மருந்து கண்டுபிடித்திருந்தேன். இவர்கள் என் மேல் வைத்த பிரியத்தில் மறைத்திருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது என்று எந்தக் கூட்டத்திலும் நான் பேசியதில்லை. அலுப்பாக இருந்தது, எலும்புக்குள்ளே அலுப்பு.

ஒன்பது நாளில் பங்குனி உத்திரம். வேலங்குளத்துக் காவடிகள் குன்றக்குடிக்குப் போகும். அந்தக் கூட்டத்தில் பதினொரு வீட்டு அம்மையும் சேர்ந்து போகும். பூஜ்யம் என்று எழுதிய ஊருக்கு மருந்தும் வராது, ஆட்களும் வரமாட்டார்கள்.

பொன்னுத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புதன்கெழமை மட்டும் தாண்டட்டும்ணே. அதுக்குள்ள எல்லாத்துக்கும் எறங்கிரும். தலைக்குத் தண்ணி ஊத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது? ஒங்க பேரு நெலைக்கணும்ல."

உண்மையைச் சொல்கிறேன், யோசித்தேன். ஆறே நாள்தான். வெகுநேரம் யோசிக்கவில்லை, ஆனால் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

உள்ளேயிருந்து பிள்ளை, "மாமா, கண்ணு தொறக்க மாட்டேங்குது" என்றாள்.

கொல்லைக்குப் போனேன். பின்வாசலில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்து, வீட்டுக்குள்ளேயே நடந்து முன்வாசலுக்கு வந்தேன்.

"வாசல்ல வேணாம்ணே! ஊரே பாக்கும்!"

"பாக்கத்தான் தாயி கட்டுறேன்."

மேடைக்கு மேடை நான் கேலி செய்த வேப்பிலை. ஆனால் அது தொங்கும் வீட்டுக்குள் அந்நியர் யாரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். என் இலாகா அச்சடித்த எந்த அறிவிப்புக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. நிலையில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். எதிர்வீட்டு அக்கம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய், தன் வீட்டுக் கொத்தையும் கொண்டுவந்து நிலைப்படியில் செருகினாள். அதைப் பார்த்து அடுத்த வீடு. அப்புறம் தெரு முனை வரைக்கும்.

மாயக்கண்ணன் பதிவேட்டைத் திறந்தார்.

"பூஜ்யத்த அடிச்சிருங்க."

"புதன்கெழமை ஒங்களுக்கு..."

"அடிங்கய்யா. அடிச்சிட்டு காரைக்குடிக்குப் போயி தந்தி குடுங்க. மருந்தும் ஆளும் நாளைக்கே வரணும்னு."

அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினார். நான் தெருவில் இறங்கி, வேப்பிலை தொங்கிய வாசல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"பன்னண்டு இருக்கே. பதினொண்ணுன்னு சொன்னீக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்க வீட்ட எப்பிடிங்கய்யா எழுதுறது?"

"அத மொதல்ல எழுதுங்க" என்றேன்.