உப்புத்தண்ணியக்காவின் பசி

முதல் வெள்ளம் வடிந்த வாரத்திலிருந்து, பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி மத்தியானம் சாப்பிடாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குப் பசித்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவியவர்களுக்கும் பசித்தது. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. வெள்ளத்தோடு வாந்திபேதி வந்தபோது சுகாதார அலுவலகம் அவளுக்குத் தன்னார்வலர் என்று ஓர் அட்டையும் குடையும் கொடுத்து அனுப்பியது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, வீடு வீடாக உட்கார்ந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். குடித்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கெல்லாம் அவள் பசி வந்து சேர்ந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஊர்க்காரர்கள் மறந்தாலும் அவர்கள் வயிறு மறக்கவில்லை.

உப்புத்தண்ணியக்கா என்று பெயர் நிலைத்தது. அவள் மாடிப்படி ஏறினால் தபால்காரருக்கு மூச்சு வாங்கியது. அவளைச் செருப்பு கடித்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார் நொண்டினார். அவளோ ஒரு வீட்டில் தடுப்பூசிக்குக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டை மறப்பதையே தொழிலாக வைத்திருந்தாள். தன்னார்வலர்களுக்குச் சாப்பாடு போட வழியில்லை என்று வருஷா வருஷம் கைவிரித்துவந்த சுகாதார அதிகாரியும் அவள் கையால் குடித்தவர்தான். மேலதிகாரிகள் முன்னால் பேசிக்கொண்டிருந்தபோது வயிறு இரைந்து அவர் மானம் போனது. மறுநாளே வழி பிறந்தது. சாப்பாடு வந்தது, மழைக்கோட்டு வந்தது, கூட அலைய ஆட்கள் வந்தார்கள். தெருக்காரர்கள் முறைவைத்து அவளை நிழலில் உட்காரவைத்தார்கள். இதையெல்லாம் பாசம் என்று சொல்வதற்கில்லை. தன் வயிறு என்றால் யாருக்குத்தான் அக்கறை இருக்காது?

பூட்டுக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு இரும்பு உடம்பு. ஊரே படுத்தபோதும் அவர் படுக்காததால் மனைவி கையால் ஒரு கரண்டி குடிக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. பால்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டே கடைக்கு வந்து, அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகும். கட்டினவனுக்குத் தெரியாத பசி கண்டவனுக்கெல்லாம் தெரிகிறதே என்று வெந்துபோனார். அவள் பாத்திரத்திலிருந்து திருட்டுத்தனமாக ஒரு சொம்பு குடித்துப் பார்த்தார். நோய் இல்லாதவனுக்கு அது வெறும் உப்புத்தண்ணீர்தான். ஒருநாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகினார். அவள் நாடி பிடித்துப் பார்த்தாள். "எழுந்து போய்க் கடையத் தெறங்க," என்றாள்.

இரண்டாம் வெள்ளத்தில் அவள் படகில் போனாள். கவிழ்ந்த படகு மட்டும் திரும்பி வந்தது. பூட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று தன் உடம்பைக் கவனித்தார். அதில் எந்தச் சேதியும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது. பிறகு அவள் செய்ததையே செய்தார். வீடு வீடாகப் போய், எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"அக்கா உசுரோடதான் இருக்காங்கண்ணே," என்றார் பால்காரர். "எனக்குக் காலு ஜில்லுன்னு இருக்கு."

தபால்காரருக்குத் தோள் வலித்தது. வாத்தியாருக்குத் தொண்டை வறண்டது. எங்கே என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. பிற்பகலில் ஊர் தும்ம ஆரம்பித்தது. தபால்காரர் தும்மினார், வாத்தியார் தும்மினார், ஜீப்புக்குள் சுகாதார அதிகாரி அடுக்கடுக்காகத் தும்மினார். தையல்காரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாவு வாசனை அடிக்கிறது என்றாள். ஊரில் மாவு மில் ஒன்றுதான். பூட்டுக்காரர் பால்காரரைப் படகின் முன்னால் உட்காரவைத்துத் துடுப்புப் போட்டார். மில்லின் பரணில், காவலாளியின் முறிந்த காலுக்குப் பலகை வைத்துக் கட்டிவிட்டு, தலை முதல் கால் வரை மாவாக உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தாள் அவள். அவரைப் பார்த்ததும், முதலில் காவலாளியைத் தூக்கச் சொன்னாள்.

துடுப்புப் போட்ட வழியெல்லாம் வாயில் தெறித்த வெள்ளத்தண்ணீரை விழுங்கியிருந்த பூட்டுக்காரர் வீடு வந்ததும் படுத்தார். இந்தத் தடவை நடிப்பில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். செத்துக்கொண்டிருந்த நிலைமையிலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

உடம்பு தேறிய பின் ஒரு மத்தியானம், கடையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குப் பசித்தது. புதுப் பசி இல்லை. வெகுநாளாகப் பொறுத்துப் பழகிய பசி. இவ்வளவையுமா இவள் வாய் திறக்காமல் வைத்திருந்தாள் என்று நினைத்தார். அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பால்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்து நின்றார்.

"அண்ணே, அக்கா இன்னும்..."

"தெரியும்பா," என்றார் பூட்டுக்காரர். "எனக்கும் பசிக்குது."

கடையைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு அவளைத் தேடி நடந்தார்.