மூன்று கரண்டி நிறுவனம்

கால்டர் படக் கம்பெனியை ஆரம்பித்தவர்கள் இரண்டு சகோதரர்கள். அதற்கு முன்பு கையுறை விற்றவர்கள். 1966இல் அவர்களுடைய பிள்ளைகள் அதைக் கார் நிறுத்துமிடங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். அவர்கள் ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு. எண்ணெய்க்காரர்கள் தொலைக்காட்சிப் பெட்டி செய்கிறவர்களுக்கு. போன வருடம் அயோவாவில் இருக்கும் ஒரு தொலைபேசி நிறுவனம் வாங்கியது. பர்பாங்கில் ஸ்டுடியோ வாசலுக்கு மேலே இருக்கும் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

இந்த வரலாறு எனக்கு மனப்பாடம். சட்டப் பிரிவில் இருக்கிறேன். வக்கீல் இல்லை. எந்த நிறுவனம் எந்த நிறுவனத்துக்குக் கீழே இருக்கிறது என்று கட்டம் போட்டு வரைந்து வைப்பது என் வேலை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.

இத்தனை வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு படத்துக்கும் தனியாக ஒரு நிறுவனம் பதிவு செய்வதுதான். வழக்கு ஏதாவது வந்தால் அந்தச் சின்ன நிறுவனத்தோடு போகட்டும் என்று. அதற்குப் படத்தின் பெயரை வைப்பதில்லை. விஷயம் வெளியே போய்விடும். சாப்பிடும்போது எங்கள் ஆட்களில் யாராவது வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், அதுவே பெயர். ஈரக் காலுறை. இரண்டாவது பல் டாக்டர். மூன்று கரண்டி.

என் மனைவி லுசினே அதே வளாகத்தில் அனிமேஷன் கட்டடத்தில், கதைப் பிரிவில் இருந்தாள். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. முப்பத்தோரு வயது.

பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். "நாப்பதாம் நாள் பூசை முடியட்டும் வாஹே. ஊர் என்ன சொல்லும்?" என்றார் அவள் அம்மா. வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அயோவாவிலிருந்து உத்தரவு வந்தது. சும்மா கிடக்கும் நிறுவனங்களைக் கலைத்துவிட வேண்டும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வை' அல்லது 'கலை'. ஆறு நாளில் முடித்துக் கொடுத்தேன். பெயர்களைப் படித்தேன் என்று சொல்ல முடியாது. 'ஓடும் படம்' என்று குறிப்பு இருந்தால் வை, இல்லையென்றால் கலை.

செப்டம்பரில் ஓடெல் என்னைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்தார். அனிமேஷனில் படத்தொகுப்பாளர். லுசினே அவருடைய அறையில்தான் பாதி நாள் இருப்பாள்.

"என்ன வக்கீலய்யா, பாத்துக்கிட்டே இருந்தா சூப்பு கொறைஞ்சிடுமா?"

"நான் வக்கீல் இல்ல ஓடெல்."

"தெரியும்ப்பா. வக்கீலா இருந்தா இந்நேரம் ஃபீஸ் மீட்டர் ஓட ஆரம்பிச்சிருக்கும்." எதிரே உட்கார்ந்தார். உப்புக் குப்பியை நகர்த்தினார். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. ஆமைப் படத்தக் கேட்டியா நீ?"

"என்னது?"

"லுசினே பேசினது. அவதானே ஆமை. எம்பத்து நாலு நிமிஷம், முக்கால்வாசி அவ குரல்தான்."

குரல் கொடுக்க நடிகை வருவதற்கு முன்பு, வரைந்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குக் கதைப் பிரிவு ஆட்களே தற்காலிகமாகப் பேசி வைப்பது வழக்கம். நடிகை வந்ததும் அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள். ஆமைப் படத்துக்கு நடிகை வரவேயில்லை. பாதியில் நின்றுவிட்டது. லுசினே பேசினாள் என்று தெரியும். "இருநூறு வயசுக் கிழவியாப் பேசணுமாம், எங்க அத்தை குரலப் போட்டுத் தாக்கிட்டேன்" என்று ஒருநாள் சொன்னாள். நான் ஏதோ ஒரு காட்சி என்று நினைத்தேன்.

என்னிடம் அவள் குரல் பதினோரு விநாடி இருந்தது. போனில் விட்ட செய்தி. கார் சாவியை எங்கே வைத்துத் தொலைத்தாய் என்று கேட்கிறாள். வீடியோ எடுக்கப் போனால் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு வாயையும் மூடிக்கொள்வாள்.

"எங்க இருக்கு?" என்றேன்.

"காப்பகத்துலதான். நான் கேட்டா நூறு கேள்வி கேப்பாங்க. சட்டப் பிரிவு கேட்டா மூச்சுவிட மாட்டாங்க. ஒரு தடவ உன் பதவிய உனக்காகப் பயன்படுத்துப்பா."

சூப்பை அப்படியே வைத்துவிட்டு என் மேசைக்குப் போனேன். பட்டியலில் படத்தின் பெயரைத் தேடினேன். இல்லை. இன்னொரு முறை தேடினேன். அப்புறம் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில் பட்டியல் ஒரு தாளின் அகலத்துக்குள் அடங்கவில்லை. அச்செடுக்க வசதியாகக் கணினியில் ஒரு நெடுவரிசையை மறைத்திருந்தேன். படங்களின் பெயர்கள் இருந்த வரிசை.

அதைத் திறந்தேன். இருநூற்று எண்பத்தேழாவது வரி. மூன்று கரண்டி. படம்: ஆமை. எதிரே 'கலை'. பக்கத்தில் என் சுருக்கொப்பம், வி.கே. வாஹே கெஷிஷியன்.

காப்பகத்தில் ட்வைலா என்ற பெண் போனை எடுத்தார். பார்த்ததில்லை, குரலில் ஐம்பது வயது.

"மூன்று கரண்டியா? இரு கண்ணு. என்ன பேருதான் வெக்கிறீங்களோ. நேத்து ஒருத்தன் ஈரக் காலுறை எங்கேங்கறான், உன் வீட்டு வாஷிங் மெஷின்ல பாருன்னுட்டேன்." தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அது போயிடுச்சே. கலைச்ச கம்பெனி, வெளிவராத படம். ஜூன்லயே அழிச்சாச்சு."

"இன்னொரு பிரதி?"

"ரெண்டும் போச்சு."

"வேற எங்கயாவது..."

"ரெண்டுன்னா ரெண்டுதான் கண்ணு. வி.கே.ன்னு போட்டிருக்கு, உங்க பிரிவுதான். அந்த ஆளையே கேளேன்."

"கேக்கறேன்" என்றேன்.

கலைத்த நிறுவனத்தை மறுபடி உயிர்ப்பிக்க முடியும். எங்கள் நிறுவனங்களைப் பதிவு செய்திருக்கும் டெலவேர் மாநிலத்தில் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. கையெழுத்தாகி முத்திரை விழுந்துவிட்டால், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல நிறுவனம் தொடரும். அன்று மத்தியானம் படிவத்தை நிரப்பினேன். மூன்று கரண்டி உயிரோடு இருக்கும். அதற்குள் எதுவும் இருக்காது. கிழித்துப் போட்டேன்.

ஓடெலின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த மடையன் குறி போட்டான்?"

"நான்."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "நீ அப்ப எந்த நெலமையில இருந்தேன்னு..."

"படத்தோட பேர நான்தான் மறைச்சு வெச்சேன். தாள்ல அடங்கலன்னு."

ஓடெல் மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அந்தப் படத்துக்கு அவர் எழுதிய தொகுப்புக் குறிப்புகள். நிமிடம், விநாடி, செய்ய வேண்டியது.

*12.40. லு. இருமுகிறாள். வெட்டு.*

*19.06. லு. சிரிக்கிறாள், 4 விநாடி. வெட்டு.*

*19.31. மறுபடி சிரிக்கிறாள். வெட்டு.*

"எடுத்துட்டுப் போ" என்றார். "இதெல்லாம் யாருக்குச் சொந்தம்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். மூன்று கரண்டி போனால் அதன் உடைமை மேல் கட்டத்துக்குப் போகும், கால்டர் அனிமேஷன். அங்கிருந்து கால்டர் பிக்சர்ஸ், அதற்கு மேலே கால்டர் குழுமம், அதற்கும் மேலே அயோவா. நான்கு கோடுகள். நான் வரைந்தவை. அவள் சிரித்த நான்கு விநாடி தொலைபேசி நிறுவனத்துடையது, அழித்தது அவர்கள் உரிமை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 19.06இல் விரலை வைத்தேன்.

"இங்க என்னத்துக்குச் சிரிச்சா?"

ஓடெல் கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார். உதடு அசைய இரண்டு முறை படித்தார்.

"ஞாபகம் இல்லப்பா. அவ சிரிச்சுக்கிட்டே இருப்பா, நான் வெட்டிக்கிட்டே இருப்பேன்."

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினேன்.

"இதுக்கு?"